முதல் நேரடி ஆர்டர், ஹாம்பர்க் கிடங்கு: சரக்கு அனுப்புவதை எங்கிருந்து திட்டமிடுவது?

கேள்வி இது: திருப்பூரில் பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்த ஒரு சிறு பனியன் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து முதல் நேரடி ஆர்டர் வந்திருக்கிறது. 12,000 காட்டன் டி-ஷர்ட். ஆகஸ்ட் 31-க்குள் ஹாம்பர்க் கிடங்கில் சரக்கு இருக்க வேண்டும் என்கிறார் பையர். "எஃப்.ஓ.பி. போடலாமா, சி.ஐ.எஃப். போடலாமா? ஃப்ரைட் (கப்பல் வாடகை) குறைவாக எந்த ஃபார்வர்டரிடம் (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தருபவர்) கிடைக்கும்? சப்ளை செயின் மேலாண்மை என்கிறார்களே, எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?"

ஃப்ரைட் எவ்வளவு என்பது நீங்கள் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நூல் வாங்குவதிலிருந்து ஹாம்பர்க் கிடங்கில் பெட்டி இறங்குவது வரை சரக்கு பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் தேதி எத்தனை நாள் தள்ளிப்போகலாம், தள்ளிப்போனால் அந்த நஷ்டம் யாருடையது? இந்த இரண்டுக்கும் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் பதில் வாங்கி வைப்பதுதான் சப்ளை செயின் மேலாண்மை. பெரிய கம்பெனிகள் அதற்குத் தனித் துறையும் சாஃப்ட்வேரும் வைத்திருக்கின்றன. உங்களுக்கு ஒரு நோட்டும் பிடிவாதமும் போதும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு முரண் இருக்கிறது. பையர் சொல்வது கிடங்குத் தேதி. எஃப்.ஓ.பி. என்றால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறியதும் உங்கள் பொறுப்பு முடிகிறது. சி.ஐ.எஃப். என்றால் ஃப்ரைட்டும் இன்ஷூரன்ஸும் நீங்கள் கட்டுகிறீர்கள், ஆனால் ரிஸ்க் அப்போதும் கப்பலேறும் இடத்திலேயே பையருக்குப் போய்விடும். இரண்டிலும் ஹாம்பர்க் கிடங்குக்கு எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்பதற்கு நீங்கள் ஜாமீன் நிற்கவில்லை. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரில் "31 ஆகஸ்ட், கிடங்கில்" என்று இருந்து, கீழே பொடி எழுத்தில் தாமத அபராதமும் இருந்தால், கொழும்பில் கப்பல் பத்து நாள் நின்றதற்கு உங்கள் பில்லில் கை வைப்பார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். "ஜூலை 4, கேரியரிடம் ஒப்படைப்பு" என்று, கப்பல் கம்பெனியிடம் கன்டெய்னரைக் கொடுக்கும், உங்கள் கையில் இருக்கும் தேதியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஜூலை 4 எப்படி வந்தது? பின்னாலிருந்து எண்ணுங்கள். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கி, கஸ்டம்ஸ் முடிந்து, லாரியில் கிடங்குக்குப் போக ஒரு வாரம் விடுங்கள். அப்படியானால் ஆகஸ்ட் 24-ல் கப்பல் ஹாம்பர்க்கில் இருக்க வேண்டும். கடல் பயணத்துக்கு ஆறு வாரம், தள்ளிப்போக ஒரு வாரம், ஆக 49 நாள். ஜூலை 6-ல் தூத்துக்குடியில் ஃபீடர், அதாவது பெரிய கப்பலிடம் சரக்கைச் சேர்க்கும் சிறு கப்பல், கிளம்ப வேண்டும். கட்-ஆஃப், அதாவது டெர்மினலில் கன்டெய்னரை ஏற்கும் கடைசி நேரம், அதற்கு ஓரிரு நாள் முன்பே; ஜூலை 4 என்று வையுங்கள். திருப்பூரிலிருந்து டிரெய்லர் ஓர் இரவில் போய்விடும், ஆனால் கேட்டில் வரிசை இருக்கும். ஆக, ஜூலை 2-ல் ஃபேக்டரியில் கன்டெய்னர் ஸ்டஃபிங், அதாவது பெட்டிகளை ஏற்றுவது. பையரின் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஜூன் 28-க்குள் முடிய வேண்டும். முதல் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆனால் பெட்டிகளைப் பிரித்து மறுபடி செக் செய்து இன்னொரு முறை காட்ட அந்த இடைவெளி வேண்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடலில் ஆறு வாரமா என்று கேட்பீர்கள். தூத்துக்குடியில் ஏறும் சரக்கு பெரும்பாலும் ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலான மதர் வெசலுக்கு மாறும். முன்பு சூயஸ் கால்வாய் வழியாகச் சுமார் ஒரு மாதத்தில் ஹாம்பர்க். 2023 நவம்பர் 19-ல் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றினார்கள். தொடர்ந்து தாக்குதல்கள் நடக்க, டிசம்பரில் மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக் லாயிட், சி.எம்.ஏ. சி.ஜி.எம். ஆகிய பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் அந்த வழியை நிறுத்தி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. பயணத்தில் 10 முதல் 14 நாள் கூடியது. சூயஸ் திறந்திருக்கும் காலத்திலும் ஆர்டர் போடும்போது நீண்ட வழியை வைத்தே கணக்குப் போடுங்கள் என்பது என் கருத்து. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் யாரும் அபராதம் கேட்பதில்லை.

அந்த 14 நாளைவிட என்னை அதிகம் உறுத்துவது, எந்த வாரம் எத்தனை நாள் என்று தெரியாமல் போவது. நிச்சயமாக 42 நாள் ஆகும் வழியோடு வாழ்ந்துவிடலாம். ஒரு முறை 28, மறு முறை 45 என்று ஆடும் வழிதான் கழுத்தறுக்கும். ஃபீடர் வாரத்துக்கு ஒன்று என்றால், ஒரு நாள் பிந்தினாலும் இழப்பது ஏழு நாள். கொழும்பில் மதர் வெசலில் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளி ரோல் ஓவர் ஆனால் இன்னொரு வாரம். அதனால் ஃபார்வர்டரிடம் "எத்தனை நாள்" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "கடந்த மூன்று மாதத்தில் இந்த சர்வீஸில் அதிகபட்சம் எத்தனை நாள் ஆனது, கொழும்பில் சராசரி எத்தனை நாள் நின்றது" என்று கேளுங்கள். பதில் வைத்திருக்கும் ஃபார்வர்டர், 50 டாலர் குறைவாகச் சொல்கிறவரைவிட நல்லவர். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் முறைப்படி திறக்கப்பட்டு, மதர் வெசல்கள் நம் கரைக்கே வந்து நிற்கின்றன. உங்கள் வழித்தடத்தில் அது உதவுகிறதா என்றும் விசாரியுங்கள்.

இனி எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா. முதல் ஆர்டருக்கு சி.ஐ.எஃப். வேண்டாம். விலை சொல்வது மார்ச்சில், ஃப்ரைட் கட்டுவது ஜூலையில். கோவிட்டுக்கு முன் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழே இருந்த ஷாங்காய் கன்டெய்னர் ஃப்ரைட் குறியீடு 2022 ஜனவரியில் ஐயாயிரத்தைத் தாண்டியது. செங்கடல் பிரச்சினை தொடங்கிய சில வாரங்களில் ஐரோப்பா ஃப்ரைட் மடங்குகளில் ஏறியது. டி-ஷர்ட்டுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கிற நாம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது.

எஃப்.ஓ.பி. திருப்பூரில் எல்லோரும் போடுவது. ஆனால் கன்டெய்னர் சரக்குக்கு அது பொருந்தாத ஷரத்து. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற ஷரத்துகளை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிடும் சர்வதேச வர்த்தக சபையே கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. போடச் சொல்கிறது. காரணம் எளிது. கன்டெய்னரை டெர்மினலில் ஒப்படைத்த பிறகு அதன் அருகில்கூட உங்களால் போக முடியாது. ஆனால் எஃப்.ஓ.பி.யில் அது கப்பலேறும் வரை ரிஸ்க் உங்களுடையது. யார்டில் நாலு நாள் கிடக்கும்போது தீப்பிடித்தால் நஷ்டம் உங்களுக்கு, பையரின் பாலிசியோ கப்பலேறிய பிறகுதான் தொடங்கும். எஃப்.சி.ஏ. தூத்துக்குடி என்றால் கேரியரிடம் ஒப்படைத்ததோடு ரிஸ்க் கைமாறிவிடும். எல்.சி.க்கு (பையரின் பேங்க் தரும் பணப் பொறுப்புக் கடிதம்) 'கப்பலேறியது' என்று காட்டும் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வேண்டுமே என்றால், அதற்கும் இன்கோடெர்ம்ஸ் 2020-ல் வழி இருக்கிறது: ஆன்-போர்டு பி.எல். கொடுக்கச் சொல்லி பையர் தன் கேரியருக்கு எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பையர் எஃப்.ஓ.பி.யில்தான் நிற்பேன் என்றால், ஃபேக்டரி வாசலிலிருந்து கப்பல் வரைக்கும் நீங்களே ஒரு பாலிசி எடுங்கள். பிரீமியம் பெரிய தொகை அல்ல.

எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ. இரண்டிலும் ஃபார்வர்டரை நியமிப்பது பையர். பணம் தொலைவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பி.எல். ஃபார்வர்டர் பெயரில், ஹாம்பர்க்கில் உள்ள அவருடைய ஏஜென்ட் பெயருக்கு இருக்கும். உங்கள் கைக்கு வருவது ஃபார்வர்டர் அடித்துக் கொடுக்கும் ஹவுஸ் பி.எல். ஒரிஜினல் ஹவுஸ் பி.எல். காட்டினால்தான் பையருக்குச் சரக்கு என்பது விதி. ஆனால் அந்த ஏஜென்டுக்குச் சோறு போடுவது பையர். பழைய வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரிஜினல் இல்லாமல் சரக்கை விட்டுவிட்டால், உங்கள் ஆவணங்கள் பேங்கில் தூங்கும், சரக்கு கடையில் விற்றுக்கொண்டிருக்கும். வழக்குப் போட வேண்டியது அந்த ஃபார்வர்டர் மேல். அவருக்கு இந்தியாவில் ஒரு மேஜையும் நாற்காலியும் மட்டும் இருந்தால் வழக்குப் போட்டும் பயனில்லை. ஆகவே நியமிக்கப்பட்ட ஃபார்வர்டர் கப்பல் துறை இயக்குநரகத்தில் மல்ட்டிமோடல் டிரான்ஸ்போர்ட் ஆபரேட்டராகப் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பி.எல்.-ஐ பையர் பெயருக்கு நேராகப் போடாமல் பேங்க் ஆர்டருக்கு, அதாவது பேங்க் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கைமாறும்படி, போடுங்கள். "டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிடுங்கள், சீக்கிரம் எடுத்துக்கொள்கிறோம்" என்று பையர் கேட்டால் (ஒரிஜினல் பி.எல். இல்லாமலே அங்கே சரக்கை விடும் முறை அது), பணம் கணக்கில் ஏறிய மறுநாள் கொடுக்கலாம். ஒரிஜினலைத் தூத்துக்குடியிலேயே சரண்டர் செய்த பிறகு சரக்கின் மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை.

கடனுக்கு விற்பதாக இருந்தால் "பி.எல். தேதியிலிருந்து 60 நாள்" என்று எழுதுங்கள். "சரக்கு கிடைத்ததிலிருந்து" என்று எழுதியிருந்தவர்களுக்கு, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோது பணமும் இரண்டு வாரம் சுற்றியது. பேங்க் வட்டி மட்டும் தேதி தவறாமல் ஓடியது.

எல்.சி. என்றால் ஒரு விஷயம். பேங்க் சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கும். எல்.சி.க்கான சர்வதேச விதியான யு.சி.பி. 600 அப்படி. "லேட்டஸ்ட் ஷிப்மென்ட்" ஜூலை 6 என்றால் பி.எல்.-ல் ஆன்-போர்டு தேதி ஜூலை 6-ஐத் தாண்டக் கூடாது. கன்டெய்னர் ஜூலை 3-லேயே டெர்மினலுக்குள் போய்விட்டது என்று சொல்லிப் பயனில்லை. எல்.சி.யில் வேறு கெடு இல்லையென்றால், ஷிப்மென்டிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்கள் பேங்கில் இருக்க வேண்டும். அதனால் லேட்டஸ்ட் ஷிப்மென்ட் தேதியை உங்கள் திட்டத்திலிருந்து குறைந்தது ஒரு ஃபீடர் தள்ளி, ஜூலை 13 என்று கேட்டு வாங்குங்கள்.

அளவைப் பார்ப்போம். ஒரு பெட்டி 60×40×30 செ.மீ., அதில் 50 பீஸ் என்று வைத்தால் 240 பெட்டி, சுமார் 17 கன மீட்டர். 20 அடி கன்டெய்னரில் நடைமுறையில் 25 முதல் 28 கன மீட்டர் ஏறும். நிறையவில்லையே என்று எல்.சி.எல்.-ல், அதாவது பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பத் தோன்றும். வேண்டாம். 15 கன மீட்டரைத் தாண்டினால் தனிக் கன்டெய்னரே பெரும்பாலும் கட்டுப்படியாகும். அதோடு எல்.சி.எல்.-ல் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவரின் ஆவணத்தில் பிழை என்றால் உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும்.

ஆர்டரில் "தாமதமானால் ஏரில் அனுப்ப வேண்டும், செலவு சப்ளையருடையது" என்றும் ஒரு வரி இருக்கும். அதன் கனத்தை இப்போதே போட்டுப் பாருங்கள். விமானத்தில் நீளம்×அகலம்×உயரத்தை 6000-ஆல் வகுத்தால் வரும் கிலோவும் உண்மையான எடையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு. உங்கள் பெட்டி ஒன்பது கிலோகூட இருக்காது, ஆனால் கணக்கில் 12 கிலோ. 240 பெட்டிக்கு 2,880 கிலோ. அன்றைய ரேட்டால் பெருக்கினால் உங்கள் லாபம் எத்தனை முறை போகிறது என்று தெரியும். தாமதம் உங்கள் தவறால் மட்டும் நேர்ந்தால் என்று அந்த வரியைத் திருத்துங்கள். பையர் லேப் டிப்புக்கு (சாய மாதிரிக்கு) ஓகே சொல்லத் தாமதித்த நாட்கள் உங்கள் கணக்கில் சேரக் கூடாது. துபாய் வரை கடலில், அங்கிருந்து விமானத்தில் அனுப்பும் சீ-ஏர் முறையையும் ஒரு வழியாக எழுதி வையுங்கள். செங்கடல் நெருக்கடியில் பலர் அந்த வழியைத்தான் பிடித்தார்கள்.

இப்போது உங்கள் ஃபேக்டரி வாசலில் கன்டெய்னர் வந்து நிற்கும் நாள். டிரைவர் அவசரப்படுத்துவார். பரவாயில்லை, காலி கன்டெய்னருக்குள் ஒருவரை ஏற்றி, இரண்டு கதவையும் வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், உள்ளே இருப்பவருக்கு ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். அந்தக் கன்டெய்னரைத் திருப்பி அனுப்புங்கள். தரைப் பலகையில் கை வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. மூக்கால் முகர்ந்து பாருங்கள். முன்பு மசாலாவோ ரசாயனமோ ஏற்றியிருந்தால் அந்த வாடை ஆறு வாரத்தில் பருத்தியில் இறங்கிவிடும். அயர்ன் டேபிளிலிருந்து சூடாக எடுத்த டி-ஷர்ட்டை அப்படியே பாலி பேக்கில் போட்டால் நீராவி உள்ளேயே தங்கும். கப்பல் நம் வெயிலிலிருந்து கிளம்பி, ஜூலையில் தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தைக் கடந்து, மறுபடி நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. கன்டெய்னர் கூரையில் நீர் வியர்த்துப் பெட்டிகள் மேல் சொட்டும். வழி நீண்ட பிறகு இந்த ஆபத்தும் கூடியிருக்கிறது. துணியை ஆறவிட்டுப் பேக் செய்யுங்கள், ஈரம் உறிஞ்சும் டெசிக்கன்ட் பைகளைத் தொங்கவிடுங்கள். காலி, பாதி, முழுசு, கதவு மூடி சீல் போட்டது என்று நான்கு போட்டோ எடுங்கள். சீல் நம்பர் கஸ்டம்ஸுக்குத் தரும் ஷிப்பிங் பில்லிலும் பி.எல்.-லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிடுங்கள், கிளியரிங் ஏஜென்டிடம் விட்டுவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இதோடு சேர்ந்தது. பின்னொரு நாள் சி.ஐ.எஃப். போட்டால், விதிப்படி நீங்கள் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பான 'சி' கிளாஸ் (பாலிசி ஷரத்து) மட்டும். 2024 ஜூலையில் தென்னாப்பிரிக்கா அருகே புயலில் சி.எம்.ஏ. சி.ஜி.எம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கப்பலிலிருந்து 44 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அலை அடித்துக்கொண்டு போவது 'சி' கிளாஸில் வராது. அதிகக் காப்புத் தரும் 'ஏ' கிளாஸ் எடுங்கள், செங்கடல் வழிக்குப் போர் ரிஸ்க்கைத் தனியாகச் சேருங்கள். ஆனால் நீங்களே ஈரத்தோடு பேக் செய்த துணியில் பூஞ்சை வந்தால் 'ஏ' கிளாஸும் கொடுக்காது. ஜெனரல் ஆவரேஜ் என்ற பழைய கடல் வழக்கும் இருக்கிறது. கப்பலைக் காப்பாற்றச் செய்த செலவில், சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு கொடுக்க வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸில் ஆறு நாள் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கு அப்படித்தான் அறிவித்தார்கள். சரக்கு முழுசாக இருந்தாலும் இன்ஷூரன்ஸ் இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்டித்தான் எடுக்க வேண்டும். 2025 மே 25-ல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கேரளக் கடலில் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. இதெல்லாம் எங்கோ நடப்பது என்று இனி சொல்ல முடியாது.

ஆவணத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கின் விவரத்தை, அங்கே போகும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அவர்களின் கஸ்டம்ஸுக்குக் கேரியர் தாக்கல் செய்ய வேண்டும். அதில் வெறுமனே "கார்மென்ட்ஸ்" என்று எழுதினால் ஏற்காது. என்ன ஆடை, ஆறு இலக்க எச்.எஸ். கோடு எது என்று தெளிவாக வேண்டும். காட்டன் டி-ஷர்ட்டுக்கு 6109.10. இங்கே ஷிப்மென்ட் ஆன பிறகு ஈ.ஜி.எம். (கேரியர் நம் கஸ்டம்ஸுக்குத் தரும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல்) சரியாக ஃபைல் ஆனதா என்றும் கேளுங்கள். கன்டெய்னர் நம்பரில் ஓர் எழுத்து மாறினாலும் டிராபேக், அதாவது ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி, நின்றுவிடும்.

இதுவரை சொன்னது கப்பல் பக்கம். ஆனால் நான் பார்த்தவரை தூத்துக்குடி கட்-ஆஃபைத் தவறவிட்ட சரக்கு பெரும்பாலும் திருப்பூரிலேயே தவறியிருக்கும். அதுவும் தையலில் அல்ல, லேபிளில். பையர் சொல்லும் சப்ளையரிடம்தான் மெயின் லேபிளும் ஹேங் டேகும் வாங்க வேண்டும் என்பார். அது ஹாங்காங்கிலிருந்து வரும். 12,000 டி-ஷர்ட் தைத்து அடுக்கியிருக்க, பத்துக் கிலோ லேபிளுக்காக ஒரு வாரம் காத்திருப்போம். ஆர்டர் உறுதியான அன்றே லேபிளுக்கு ஆர்டர் போடுங்கள், நூலுக்கு முன்னால். பிறகு ஒரு தாளில் நூல் எந்த மில், அந்த மில்லுக்கு மாற்று எது, நிட்டிங் எங்கே, சாயம் எங்கே என்று எழுதுங்கள். டொயோட்டா இதைப் பெரிய அளவில் செய்தது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் தன் சப்ளையருக்கு சப்ளை செய்பவர் யார் என்பதே தெரியாமல் திண்டாடிய பிறகு, அடுக்கடுக்காக விசாரித்து, சிப் போன்றவற்றை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கச் சொன்னது. 2021-ன் முதல் மாதங்களில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் லைனை நிறுத்தியபோது அது ஓரளவு தாக்குப்பிடித்தது. நமக்கு அதே 2011-ல் நடந்தது வேறு. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணியை வெளியூர் அனுப்பிச் சாயமேற்ற வேண்டி வந்தது. முன்பே வெளியில் ஒரு பட்டறையோடு பழக்கம் வைத்திருந்தவர்களுக்கு அப்போது வழி இருந்தது. இரண்டாவது பட்டறைக்கு இந்த ஆர்டரிலேயே ஒரு சின்ன லாட் கொடுத்து, ஷேட் எப்படி வருகிறது என்று பார்த்து வையுங்கள்.

பையரிடம் இத்தனையும் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. எல்லாவற்றுக்கும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படியானால் பிடித்து நிற்க வேண்டிய வரிசை இது: முதலில் பி.எல். பேங்க் ஆர்டருக்கு, அடுத்து ஏர் ஃப்ரைட் வரியில் திருத்தம், பிறகு கிடங்குத் தேதிக்குப் பதில் ஒப்படைப்புத் தேதி. எஃப்.சி.ஏ.வை விட்டுக்கொடுக்கலாம், அதை ஒரு பாலிசியால் சரிக்கட்டிவிடலாம். எல்.சி.யும் இல்லை, அட்வான்ஸும் இல்லை, 60 நாள் கடன்தான் என்றால், அந்த பையர் பெயரில் ஏற்றுமதிக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யிடம் லிமிட் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எவ்வளவு தொகைக்குக் கவர் தருகிறார்கள் என்று தெரிந்த பிறகு நூலுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.